‘காஸ் விளக்கு’ என்னும் ஒற்றைச் சொல்லும் அது மறைத்த மணலும்

விளக்குகளின் வரலாற்றைக் கூறும் எந்த அறிமுகப் பாடத்தைத் திறந்தாலும் ஒரே படம்தான் காணக் கிடைக்கிறது: தீப்பந்தம், அகல், மெழுகுவர்த்தி, காஸ் விளக்கு, எடிசனின் குமிழ் விளக்கு, கடைசியில் எல்.இ.டி. இடமிருந்து வலமாக ஓர் அம்புக்குறி. சென்ற பருவத்தில் நான் கலந்துகொண்ட கருத்தரங்கொன்றிலும் இப்படம் திரையில் தோன்றியது; தொழில்நுட்ப வரலாற்றை நேர்கோடாகப் பார்க்கலாகாது என்று அறிவுறுத்திய அதே உரையில்! அரங்கில் எவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர்கள் தலையசைத்தனர், மாணவர்கள் குறிப்பெடுத்தனர். அப்படம் தவறானது என்பதோடு, அத்தவற்றுக்கு ஒரு பயன்பாடும் உண்டு என்பதுதான் என் வாதம். யாரையெல்லாம் கண்ணிலிருந்து மறைக்க அது உதவுகிறது என்பதையே இங்கு எழுதப் புகுகிறேன்.

முதலில் ஆண்டுகள். எடிசன் தம் கரியிழைக் குமிழை எரித்துக் காட்டியது 1879. கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் என்னும் ஆஸ்திரிய வேதியியலார் காஸ் மேண்டிலுக்கு முதற் காப்புரிமை பெற்றது 1885. அந்த மேண்டில் சந்தையில் வென்றது 1891க்குப் பின்னர். நாம் பெட்ரோமாக்ஸ் என்றழைக்கும் அழுத்த மண்ணெண்ணெய் விளக்கு பெர்லினில் வடிவம் பெற்றது 1910 வாக்கில். படத்தில் பாட்டனாக நிறுத்தப்பட்டிருப்பது உண்மையில் தம்பியும் தம்பி மகனுமே.

உடனே ஒரு மறுப்பு எழும். வில்லியம் மர்டாக் 1792இலேயே நிலக்கரி வாயுவால் தம் வீட்டை ஒளியூட்டினாரே, இலண்டனில் 1812இலேயே காஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதே, அப்படியிருக்கக் காஸ் விளக்கு எப்படி மின்விளக்குக்குப் பிந்தியது ஆகும்? சரியான கேள்வி. ஆனால் மொழியியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு ஐயம் எழுவதும் இவ்விடத்தில்தான். மர்டாக்கின் விளக்கையும் அவுவரின் விளக்கையும் ‘காஸ் விளக்கு’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இரண்டும் ஒளிதரும் முறையில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை.

பழைய காஸ் விளக்கில் சுடரே ஒளி தந்தது. வாயு முழுமையாக எரியாமையால் சுடருக்குள் நுண்ணிய கரித்துகள்கள் உருவாகும். அவை வெப்பமேறி மஞ்சளாக ஒளிரும். அகல்விளக்கின் சுடரும் அவ்வாறே. சுருங்கச் சொன்னால், அந்நாளைய காஸ் விளக்கின் ஒளி புகைக்கரியின் ஒளி. 1855 வாக்கில் ஹைடல்பெர்க்கில் ராபர்ட் புன்சனின் ஆய்வகத்தில் உருவான எரிப்பான் இதைத் தலைகீழாக்கியது. காற்றை முன்னதாகவே கலந்துவிட்டால் கரித்துகள் தோன்றாது. சுடர் நீலமாக, மிகுந்த வெப்பத்தோடு எரியும். ஆனால் ஒளி ஏறக்குறைய இல்லை. விளக்கு செய்ய விரும்புபவருக்கு இதைவிடப் பயனற்ற சுடர் வேறில்லை. அதே புன்சனிடம் பயின்ற அவுவர், அந்தச் சுடருக்குள் கரிக்குப் பதிலாக வேறொரு திண்மத்தை வைத்தார். வாயு வெப்பத்தைத் தரட்டும், ஒளியைத் திண்மம் தரட்டும் என்பதே ஏற்பாடு. மின்னிழை விளக்கும் இதே கோட்பாட்டில்தான் இயங்குகிறது. அங்கே வெப்பம் மின்னோட்டத்திலிருந்து வருகிறது, அவ்வளவே. ஆகவே மேண்டிலுக்கு நெருங்கிய உறவு எதுவென்று கேட்டால் எடிசனின் குமிழைக் காட்டுவேனேயன்றி மர்டாக்கின் சுடரைக் காட்டமாட்டேன்.

அந்தத் திண்மத்தின் கதையும் சுவையானது. பருத்தி நூலில் பின்னிய சிறு உறையை உலோக உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி எரித்தால் நூல் சாம்பலாகிப் போகும்; உலோக ஆக்சைடு மட்டும் பின்னலின் வடிவத்திலேயே எஞ்சி நிற்கும். 1885ஆம் ஆண்டின் கலவையில் மக்னீசியம், லாந்தனம், யிட்ரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இருந்தன. ஒளி பச்சை தட்டியது, உறை எளிதில் நொறுங்கியது, தொழில் நொடித்தது. பின்னர் தோரியம் ஆக்சைடுக்குத் திரும்பியபோது ஒரு விந்தை நேர்ந்தது. தோரியத்தைத் தூய்மைப்படுத்தப் படுத்த ஒளி குறைந்துகொண்டே வந்தது. ஒளி தந்தது தோரியத்தில் ஒட்டியிருந்த சீரியம் என்னும் அழுக்கு! 1891இல் நிலைபெற்ற விகிதம் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே உமிழும். ஆதலால் பெற்ற வெப்பத்தை வெளியே வீணாக்காமல் மிக உயர்ந்த வெப்பநிலையில் நிற்கும். ஆனால் கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அது கருமியே. சீரியம் ஆக்சைடு புலனாகும் ஒளியைத் தாராளமாக உமிழும். எனினும் அது கூடினால் வெப்பத்தையும் தாராளமாக இழக்கும். உறை குளிர்ந்து மங்கும். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த நுண்ணளவில்தான் இரண்டின் குணமும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஒரே அளவு வாயுவில் பழைய திறந்த சுடரைவிட ஐந்தாறு மடங்கு ஒளி கிடைத்தது.

தோரியம் கதிரியக்கமுள்ளது, ஆகவே மேண்டில் கதிரியக்கத்தால் ஒளிர்கிறது என்றொரு கதை முனைவர் பட்டம் பெற்றவர்களிடையே கூட உலவுகிறது. தவறு. அதன் கதிரியக்கம் வெளியிடும் ஆற்றல் ஒளிக்குத் துளியும் போதாது. இன்று தோரியமே இல்லாமல் யிட்ரியத்தில் செய்யும் மேண்டில்களும் எரிகின்றன.

‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் தொட்டு நொறுக்கும் மேண்டிலை நினைவில்லாத தமிழர் இருக்க முடியாது. கவுண்டமணியின் சினத்துக்கு வேதியியல் நியாயம் முழுமையாக உண்டு. முதல் முறை எரித்த பின் அங்கே துணி இல்லை, துணியின் சாம்பல் மட்டுமே இருக்கிறது. சாம்பலைத் தொட்டால் என்ன ஆகும்? அக்காட்சியை இத்தனை முறை பார்த்த நாம் அந்தச் சாம்பல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அம்புக்குறியை முழுவதுமாக முறித்துவிட வேண்டும். மின்விளக்கு வந்ததும் காஸ் விளக்கு மங்கி மறைந்தது என்பது பாடநூலின் கூற்று. 1890களில் நடந்தது இதற்கு எதிரானது. வழக்கமான கரியிழைக் குமிழ் 16 மெழுகுவர்த்தி ஒளி தந்தது, மேண்டில் 50க்கும் மேல் தந்தது. மின்சாரமோ விலையுயர்ந்தது. மேண்டிலின் வரவால் காஸ் நிறுவனங்களுக்குப் புத்துயிர் கிடைத்தது. மின்விளக்குத் தரப்பே தன் இழையை மாற்றியாக வேண்டிய நெருக்கடிக்கு ஆளாயிற்று. அந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? அதே அவுவர். 1898இல் ஆஸ்மியம் இழைக் குமிழுக்குக் காப்புரிமை கோரியவர் அவர். ஆஸ்மியத்தையும் உல்ஃப்ராமையும் இணைத்து உருவான ‘ஆஸ்ராம்’ என்னும் வணிகப்பெயர் 1906இல் பதிவாயிற்று. உல்ஃப்ராம், அதாவது டங்ஸ்டன், இழையாகப் பரவிய பின்னரே மின்விளக்கு விலையிலும் திறனிலும் மேண்டிலை வென்றது. அந்த டங்ஸ்டன் இழையும் எளிதில் முறியாமல் இருக்க அதில் சிறிதளவு தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள்! ‘தோற்ற’ விளக்கின் சாம்பல் ‘வென்ற’ விளக்கின் இழைக்குள் புகுந்து அமர்ந்திருந்தது. இதை ஏணிப்படி என்று எப்படி வரைவது?

மின்சாரம் வெல்லவேயில்லை என்று நான் சாதிக்கவில்லை. வென்றது. ஆனால் எந்தப் போட்டியில், எதனைக் கடன்வாங்கி வென்றது என்பதே வரலாறு. மேலும் மேண்டில் வந்தபின் காஸ் என்பதன் பொருளே மாறியது. அதுவரை வாயுவின் தரத்தை அதன் சுடர் தரும் ஒளியால் அளந்தார்கள். மேண்டிலுக்குத் தேவை வெப்பம் மட்டுமே. பிரிட்டனில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வாயு வெப்ப அளவுக்கேற்ப விற்கப்படலாயிற்று. ஒரு பொருளின் பெயர் அப்படியே இருக்க, அது எதற்காக விற்கப்படுகிறது என்பது அடியோடு மாறிவிட்டது. சொற்பொருள் மாற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என் முதுகலைப் பாடத்தில் எவரும் தரவில்லை.

இன்று நம் வளாகங்களில் நாளுக்கு நூறு முறை ஒலிக்கும் ‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல்லும் இத்தகையதே. அது பேட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தது. மேல்மாடியில் கணவன் இரகசியமாக விளக்கேற்றும்போது குழாயில் அழுத்தம் குறைந்து கீழறைச் சுடர் தாழ்கிறது. அதிலிருந்துதான் மனைவி உண்மையை உணர்கிறாள். நாடகத்தின் காலம் 1880, மேண்டிலுக்கு முந்தையது. சொல்லைக் கையாளும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த விளக்கின் இயக்கம் தெரியும்?

தமிழ்ப் பேச்சுவழக்கு நம்மைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது. ஊர்ப்புறங்களில் பெட்ரோமாக்ஸைக் ‘கேஸ் லைட்டு’ என்பார்கள். மண்ணெண்ணெயில் எரிவதைக் காஸ் என்பது பாமரப் பிழை என்று ஒருவர் என்னிடம் வாதிட்டதுண்டு. பிழை அவருடையதே. தொட்டியில் பம்பு அடித்ததும் அழுத்தத்தால் மண்ணெண்ணெய் மேலேறுகிறது. முதலில் ஸ்பிரிட்டால் சூடேற்றப்பட்ட குழாயில் அது ஆவியாகிறது. நுண்துளை வழியே சீறி வெளிவந்து காற்றோடு கலந்து, மேண்டிலுக்குள் வாயுவாகவே எரிகிறது. தெருவுக்குத் தெரு குழாய் பதித்த காஸ் நிறுவனத்தை ஒரு பித்தளைத் தொட்டிக்குள் அடக்கிய கருவி அது. குழாயும் மின்கம்பியும் எட்டாத ஊர்களுக்கு அதனால்தான் அது சென்றது. அதை ஊர்வலங்களில் தலைமேல் சுமந்தவர்கள் எப்போதும் ஊரின் மிக ஏழை மனிதர்கள். நான் இப்போது வாழும் வடநாட்டில் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு மின்சார அலங்கார விளக்குகள் வந்துவிட்டன. பின்னால் ஜெனரேட்டர் வண்டி, அதிலிருந்து நீளும் கம்பி. விளக்கைச் சுமப்பது இன்றும் ஏழைப் பெண்களும் சிறுவர்களும்தான். நம் அம்புக்குறிப் படத்தில் விளக்கு மட்டும் இருக்கும், அதைத் தாங்கிய தலை இருக்காது.

இனி மணல். தோரியம் மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து வருகிறது. மேண்டிலின் வெற்றியால் அதன் தேவை பெருகியபோது முதலில் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களின் ஆற்று மணலையும், 1890களின் நடுவிலிருந்து பிரேசிலின் கடற்கரை மணலையும் அள்ளினார்கள். 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணற்பொடியே அவருக்குத் தடயமானது என்று கூறுவர். பிரேசில் மணலைவிட இதில் தோரியத்தின் பங்கு கூடுதல். சில ஆண்டுகளுக்குள் மணல் கப்பலேறத் தொடங்கிவிட்டது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்த தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கு வெண்மை தந்தது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையிலும் அதையடுத்த சவரா கரையிலும் அலை ஒதுக்கிய கருமணல்.

‘கண்டறிந்தார்’ என்று நானும் எழுதிவிட்டேன் பாருங்கள். அக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குக் கருமணல் புதிதன்று. புதிதாக வந்தது அதற்கான விலையும், அந்த விலையைத் தீர்மானிக்கும் உரிமை தங்களிடம் இல்லை என்பதும் மட்டுமே. கருத்தரங்குகளில் நாம் அவுவரின் மேதைமையை அரைமணி நேரம் பேசுகிறோம். மணவாளக்குறிச்சி என்ற பெயரை நான் அங்கே ஒருமுறையும் கேட்டதில்லை. ‘உலகளாவிய தெற்கு’ பற்றிய உரைகளிலும் கேட்டதில்லை.

இந்த மறதி அறிவியல் வரலாற்றையும் விட்டுவைக்கவில்லை. தோரியம் கதிரியக்கமுள்ளது என்பதை 1898இல் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் மேரி க்யூரியும் தனித்தனியே கண்டார்கள். தோரியத்தை வைத்துத்தான் ரதர்ஃபோர்டும் சாடியும் ஒரு தனிமம் மற்றொன்றாக மாறுவதை நிறுவினார்கள். முன்னர் ஆய்வகங்களுக்கே அரிதாயிருந்த தோரியம் அந்நாளில் கடைச்சரக்காக ஆனது மேண்டில் தொழிலால். 1904இல் இலங்கையில் தோரியம் மிகுந்த தோரியனைட் என்னும் புதிய கனிமத்தை இனங்கண்டவர் அங்கே கனிம ஆய்வுப் பணியின் தலைவராக இருந்த ஆனந்த குமாரசாமி. ஆம், சிவநடனத்தைப் பற்றி எழுதிய அதே குமாரசாமி! இலங்கையின் தோரியனைட்டை ஆராய்ந்துதான் 1905இல் இலண்டனில் ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டார். கலை வரலாற்றுத் துறை குமாரசாமியின் நிலவியலை இளமைக்கால விளையாட்டாகக் கருதி ஒதுக்குகிறது, இயற்பியல் துறைக்கு அவர் பெயரே தெரியாது. இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில், ஒரே சிற்றுண்டிச் சாலையில் தேநீர் அருந்துகின்றன.

விடுதலைக்குப் பின் கதை இன்னும் நெருங்கி வருகிறது. அணுகுண்டுக்குப் பிறகு அதே மணல் அரச இரகசியமாயிற்று. 1947இல் தனிநாடு கோரிய திருவிதாங்கூர் திவான் சி.பி. இராமசாமி ஐயரின் கணக்குகளில் தோரியமும் இருந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் உருவானது. 1955இல் டிராம்பேயில் தோரியம் ஆலை தொடங்கியது. அந்த ஆலையின் தோரியம் நைட்ரேட் யாருக்குச் சென்றது? பெரும்பகுதி மேண்டில் தயாரிப்பாளர்களுக்கு. ஹோமி பாபா தோரியத்தில் இந்தியாவின் அணு எதிர்காலத்தைக் கண்ட அதே ஆண்டுகளில், அதே தோரியம் மின்சாரம் எட்டாத சிற்றூர்களின் திருவிழாக்களில் நூலுறையின் சாம்பலாக எரிந்துகொண்டிருந்தது. ‘பழமை’யும் ‘எதிர்கால’மும் ஒரே ஆலையின் ஒரே வாயிலிலிருந்து வெளிவந்தன. இந்திய அணுசக்தியின் வரலாற்றை எழுதும் நூல்கள் உலைகளைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதும். மேண்டிலுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிது.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேண்டில் தொழிலின் கழிவிலிருந்து பிரித்தெடுத்த மீசோதோரியம், கடிகார முகப்புகளுக்குப் பூசும் ஒளிரும் வண்ணப்பூச்சில் ரேடியத்தோடு சேர்க்கப்பட்டது. அதைத் தூரிகையால் தீட்டி, தூரிகை நுனியை உதட்டால் கூராக்கிய பெண் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்பது அறிந்த கதை. நியூ ஜெர்சியில் மேண்டில் ஆலைகள் இருந்த பகுதியில் கழிவைக் கொட்டி மேடாக்கிய நிலத்தில் வீடுகள் எழுந்தன. ஆலைகள் மூடிப் பல பத்தாண்டுகளுக்குப் பின், 1996இல், அமெரிக்க அரசு அவ்விடத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. நம் படத்தில் காஸ் விளக்கு அணைந்து நெடுங்காலம் ஆயிற்று. அந்த வீடுகளின் அடிமண்ணில் அணையவில்லை. தோரியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்.

இப்போது ‘அருமண் தனிமங்கள்’ பற்றி எங்கும் பேச்சு. மின்வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய நியோடிமியம் காந்தங்கள், சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, தற்சார்பு. கொள்கைத் துறை மாணவர்கள் இதை நேற்றுப் பிறந்த சிக்கலைப் போல எழுதுகிறார்கள். நியோடிமியத்தை 1885இல் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் அதே அவுவர், மேண்டிலுக்கு முதற் காப்புரிமை பெற்ற அதே ஆண்டில். மணவாளக்குறிச்சி மணலை நாடி உலகம் வருவதும் இது முதல்முறையன்று. மேண்டிலுக்காக ஒருமுறை, வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வேண்டிய டைட்டானியத்துக்காக ஒருமுறை, அணுவுக்காக ஒருமுறை, இப்போது காந்தத்துக்காக. ஒவ்வொரு முறையும் அதற்கு ‘எதிர்காலம்’ என்றே பெயர்.

2024இல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்தபோது, அவர்களுக்கு ‘வளர்ச்சி புரியவில்லை’ என்று எழுதியவர்கள் நம் கல்விப்புலத்திலும் உண்டு. அக்கரை மோனசைட்டால் இயற்கையாகவே கதிர்வீச்சு மிகுந்தது, ஆகவே மணலை அள்ளுவது அவர்களுக்கே நல்லது என்றுகூட ஒரு வாதம் சுற்றுகிறது. மணலை அள்ளினால் கரை என்ன ஆகும், எஞ்சும் தோரியத்தை எங்கே வைப்பார்கள் என்று அவ்வூரார் கேட்ட கேள்விகளுக்கு அது விடையாகாது. 115 ஆண்டுகளாக அந்த மணல் எங்கெல்லாம் சென்றது, என்னவெல்லாம் ஆனது என்பதைப் பற்றி அவர்களைவிட நமக்குக் கூடுதலாகத் தெரியுமா? விளக்குகளின் அம்புக்குறிப் படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நிச்சயமாக இல்லை.

அடுத்த பருவத்துக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் அப்படத்தை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் காஸ் விளக்கை எடிசனுக்கு வலப்பக்கம் நகர்த்துங்கள், அதற்குக் கீழே மணவாளக்குறிச்சி என்று எழுதுங்கள். ஏன் என்று மாணவர்கள் கேட்டால், அந்த வகுப்பு முழுவதையும் அக்கேள்விக்கே கொடுத்துவிடுங்கள்.